ஒரு வரிசை லாபம்: பெரிய விமான நிறுவனம் எங்கே சம்பாதிக்கிறது?

விமான நிறுவனங்களைப் பற்றி இரண்டு பேச்சு மாறி மாறி அடிபடும். விடுமுறைக் காலத்தில் டிக்கெட் விலை எகிறினால் "பகல் கொள்ளை" என்பார்கள். அடுத்த மாதம் ஏதாவதொரு நிறுவனம் திவாலானால் "இந்தத் தொழிலில் போட்ட பணம் கிணற்றில் போட்ட கல்" என்பார்கள். பல நேரம் இரண்டையும் சொல்பவர் ஒரே ஆள்தான்.

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா போட்ட கணக்குப்படி, 2024ஆம் ஆண்டு இந்தத் தொழிலுக்கு மிஞ்சிய நிகர லாபம் ஒரு பயணிக்குச் சுமார் 7 டாலர். வருமானத்தில் 3.4 சதவீதம். 250 பேர் ஏறிய ஒரு விமானத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 241 பேர் கொடுத்த காசு செலவுக்கே சரியாகிவிடுகிறது. மீதி 9 பேர் கொடுத்ததுதான் லாபம். அகலமான விமானத்தில் ஒரு வரிசைக்கு 9 அல்லது 10 இருக்கை. ஆக, மொத்த விமானத்தின் லாபமும் ஒரே ஒரு வரிசை.

அதே காலத்தில் துபாயின் எமிரேட்ஸ் நிறுவனம் என்ன செய்தது? 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 5.37 கோடி பயணிகளை ஏற்றி, 3,490 கோடி டாலர் வருமானம் பார்த்து, வரி போக 520 கோடி டாலர் லாபம் காட்டியது. ஒரு பயணிக்கு 97 டாலர் வருகிறது. அவர்கள் பறப்பது நெடுந்தூரம், கட்டணமும் பெரிது. எனவே தலைக்கு இவ்வளவு என்று ஒப்பிடுவது நியாயமில்லை. சதவீதமாகவே பார்ப்போம்: வருமானத்தில் ஏறக்குறைய 15 சதவீதம். ஒரே வகை விமானங்களை வாங்கி, ஒரே வானத்தில் பறக்கும் தொழிலில் ஒருவருக்கு 3, இன்னொருவருக்கு 15 என்றால், நடுவில் ஏதோ நடக்கிறது. அந்த "ஏதோ"வைத்தான் இந்தக் கட்டுரையில் பிரித்துப் பார்க்கப்போகிறோம்.

கதவு மூடியதும் கெட்டுப்போகும் சரக்கு

திரையரங்கை நினைத்துக்கொள்ளுங்கள். காட்சி தொடங்கிவிட்டால் காலி நாற்காலியை யாருக்கும் விற்க முடியாது. அதை எடுத்துவைத்து நாளைக்கு இரண்டாக விற்கலாம் என்பதும் நடக்காது. விமான இருக்கையும் அப்படித்தான். கதவை மூடிய நொடியில் அந்தச் சரக்கு கெட்டுப்போகிறது.

செலவோ, ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஏறத்தாழ ஒன்றுதான். விமானத்தின் தவணை அல்லது வாடகை, விமானி சம்பளம், பராமரிப்பு, தரையிறங்கும் கட்டணம், எரிபொருளில் பெரும் பங்கு இவை எல்லாம் விமானம் கிளம்புவதற்காகவே ஆகும் செலவுகள். கூடுதலாக ஒருவர் ஏறினால் அவர் எடைக்கான எரிபொருளும் சாப்பாடும் இன்னும் சில சில்லறைச் செலவுகளும்தான் சேரும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வரும். இரண்டும் ஒன்றோடொன்று மோதும். காலியாக விடுவதைவிட எந்த விலைக்காவது விற்பது மேல். ஆனால் எல்லா இருக்கையையும் எந்த விலைக்காவது விற்றால் நிறுவனம் மூழ்கும். இந்த இழுபறிதான் இந்தத் தொழில்.

இங்கே மூன்று சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். ஓர் இருக்கையை ஒரு கிலோமீட்டர் தூரம் பறக்கவைத்தால் அது ஓர் *இருக்கை-கிலோமீட்டர்*. ஆலைக்கு டன் எப்படியோ, விமான நிறுவனத்துக்கு இது உற்பத்தி அளவு. அந்த உற்பத்தியில் எத்தனை சதவீதம் விற்றது என்பது *நிரம்பல் விகிதம்*. விற்ற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பயணியிடமிருந்து சராசரியாக எவ்வளவு கிடைத்தது என்பது *யீல்டு*.

ஊரெல்லாம் பேசுவது நிரம்பல் விகிதத்தைப் பற்றி மட்டும். "விமானம் நிரம்பி வழிந்தது, நல்ல லாபமாக இருக்கும்" என்போம். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். 300 இருக்கை விமானம், ஒரு பயணத்துக்கு 1.5 லட்சம் டாலர் செலவு. முதல் நாள் 300 பேரும் வந்தார்கள், சராசரிக் கட்டணம் 450 டாலர். வருமானம் 1.35 லட்சம், நஷ்டம் 15,000. மறுநாள் 230 பேர்தான், சராசரி 700 டாலர். வருமானம் 1.61 லட்சம், லாபம் 11,000. எழுபது நாற்காலி காலியாகப் போன விமானம்தான் சம்பாதித்தது.

நிஜத்திலும் இதைப் பார்க்கலாம். 2024இல் உலக விமானங்களின் நிரம்பல் விகிதம் 83.5 சதவீதம், அதுவரை இல்லாத உச்சம். 15 சதவீத லாபம் பார்த்த எமிரேட்ஸின் விகிதம் அந்த நிதியாண்டில் 78.9தான்.

சுருக்கமாக: எத்தனை பேர் ஏறினார்கள் என்பது பாதிக் கேள்வி. யார் ஏறினார்கள், என்ன கொடுத்தார்கள் என்பது மறுபாதி. லாபம் பெரும்பாலும் இந்த மறுபாதியில்தான் இருக்கிறது.

ஒரே வரிசையில் மூன்று கட்டணம்

முப்பத்தோராம் வரிசையில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஜன்னலோரத்தில் இருப்பவர் ஐந்து மாதம் முன்பே பதிவு செய்தவர். நடுவில் இருப்பவர் மூன்று வாரம் முன்பு. ஓரத்தில் இருப்பவருக்கு நேற்று மாலைதான் அலுவலகத்தில் "நாளை காலை அங்கே இருக்க வேண்டும்" என்று சொன்னார்கள். முழங்காலுக்கு இருக்கும் இடமும் ஒன்று, கையில் வரும் தட்டும் ஒன்று. கொடுத்த காசு மட்டும் வேறு. ஜன்னலோரக்காரர் கொடுத்ததைப்போல மூன்று நான்கு மடங்கை ஓரத்துக்காரர் கொடுத்திருக்கலாம்.

போர்டிங் பாஸில், இருக்கை எண்ணுக்குச் சற்றுத் தள்ளி, வகுப்பு என்ற இடத்தில் ஒற்றை எழுத்து ஒன்று அச்சாகியிருக்கும்: ஒய், எம், கியூ, டி என்று ஏதாவது ஒன்று. அந்த எழுத்துதான் விஷயம். சாதாரண வகுப்பு என்று நாம் நினைக்கும் ஒரே கூடத்தை நிறுவனம் பத்துப் பன்னிரண்டு கூடைகளாகப் பிரித்துவைத்திருக்கிறது. ஒவ்வொரு கூடைக்கும் ஓர் எழுத்து, ஒரு விலை, சில நிபந்தனைகள். மலிவுக் கூடையில் 20 இருக்கை, அடுத்ததில் 30 என்று போகும். மலிவு தீர்ந்ததும் அடுத்த கூடை திறக்கும். பதிவு மந்தமானால் மூடிய மலிவுக் கூடை மறுபடி திறக்கும். அரை மணியில் விலை மாறியதைப் பார்த்து "நான் தேடியதை இணையதளம் மோப்பம் பிடித்துவிட்டது" என்று பலர் சத்தியம் செய்வார்கள். பெரும்பாலும் நடந்தது வேறு: நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கூடையின் கடைசி இருக்கையை யாரோ எடுத்துவிட்டார்கள்.

இந்தக் கலைக்கு *வருவாய் மேலாண்மை* என்று பெயர். பிறந்த கதை சுவையானது. அமெரிக்க அரசு 1978இல் விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியது. யார் வேண்டுமானாலும் என்ன விலைக்கும் விற்கலாம் என்றானது. 1981இல் பறக்கத் தொடங்கிய பீப்பிள் எக்ஸ்பிரஸ், பழைய நிறுவனங்களை விலையில் அடித்து நொறுக்கியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அந்த விலைக்கு எல்லா இருக்கையையும் விற்றால் சம்பளம் கொடுக்க முடியாது. அதன் தலைவர் ராபர்ட் கிராண்டல் 1985 ஜனவரியில் எடுத்த வழி இது: எப்படியும் காலியாகப் போகப்போகும் இருக்கைகளை மட்டும் கணினி கணித்துச் சொல்லும், அவற்றை மட்டும் பீப்பிள் எக்ஸ்பிரஸ் விலைக்கு விற்பது. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், பணம் திரும்பாது என்ற நிபந்தனைகளும் உண்டு. அவசரமாகக் கிளம்பும் வியாபாரப் பயணியால் இந்த நிபந்தனைகளுக்குள் அடங்க முடியாது; அவர் முழு விலை கொடுத்தே ஆக வேண்டும். சுற்றுலாப் பயணி அடங்கிவிடுவார். ஒரே விமானம் இரண்டு சந்தைகளுக்கும் விற்றது. பீப்பிள் எக்ஸ்பிரஸுக்கு அப்படி ஒரு கணினி இல்லை. 1987 பிப்ரவரியில் அது காண்டினென்டல் நிறுவனத்தோடு கரைந்துபோனது.

ஆக, டிக்கெட் நிபந்தனைகள் நம்மை வதைப்பதற்காக எழுதப்பட்டவையல்ல. யாருக்கு அவசரம், யாருக்கு அவகாசம் என்று சலித்தெடுக்கும் சல்லடை அவை. வதையாகவும் இருக்கின்றன என்பது வேறு விஷயம்.

இருப்பதைவிட அதிக டிக்கெட் விற்பதும் இதே கலையின் ஒரு கிளை. எத்தனை பேர் வராமல் போவார்கள் என்று பழைய கணக்கை வைத்து ஊகித்து, அந்த அளவுக்குக் கூட விற்பார்கள். ஊகம் தப்பி எல்லோரும் வந்து நின்றால்? முன்பெல்லாம் யாராவது ஒருவரைப் பிடித்துத் தடுத்தார்கள். "இறங்கிக்கொள்ள எவ்வளவு கேட்கிறீர்கள்?" என்று ஏலம் விடுங்கள், குறைவாகக் கேட்பவர் மனமொப்பி இறங்குவார் என்று ஜூலியன் சைமன் என்ற பொருளாதார அறிஞர் 1968இல் எழுதினார். யாரும் சட்டை செய்யவில்லை. பத்தாண்டு கழித்துத்தான் அமெரிக்காவில் அது நடைமுறைக்கு வந்தது.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம்

எமிரேட்ஸ் நெடுந்தூரத்துக்கு ஓட்டும் போயிங் 777-300இஆர் விமானங்களில் பலவற்றில் 354 இருக்கை. முதல் வகுப்பு 8, பிசினஸ் 42, மீதி 304 சாதாரண வகுப்பு. முன்பக்கம் 50 பேர், நூற்றுக்குப் பதினான்கு.

சாதாரணக் கட்டணத்தை 1 என்று வைத்து, பிசினஸ் 4, முதல் வகுப்பு 8 என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். விமானம் நிறைந்தால் பின்பக்கம் தருவது 304. பிசினஸ் 168, முதல் வகுப்பு 64, சேர்த்தால் 232. நூற்றுக்குப் பதினான்கு பேர் வருமானத்தில் 43 சதவீதத்தைக் கொடுக்கிறார்கள். அவர்கள் தரையில் அதிக இடம் பிடிப்பார்கள், சாப்பாட்டுக்கும் ஓய்வறைக்கும் செலவு கூடும். அதையெல்லாம் கழித்த பிறகும், தடம் சரியாக அமைந்தால் லாப வரிசை இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கும்.

தடம் சரியாக அமைய வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் கென்னடி நிலையத்துக்கும் நடுவே வங்கிக்காரர்களும் வழக்கறிஞர்களும் வாரம்தோறும் பறக்கிறார்கள். டிக்கெட் காசு கம்பெனி கொடுக்கும். 2017-18இல் அந்த ஒற்றைத் தடம் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு 100 கோடி டாலருக்கு மேல் வருமானம் தந்ததாகக் கணக்கிட்டார்கள். அதே படுக்கை இருக்கைகளைச் சுற்றுலாத் தீவுக்குப் போகும் விமானத்தில் வைத்தால் பாதி காலியாகப் போகலாம்.

பெருந்தொற்றுக்குப் பிறகு ஒரு மாற்றம் தெரிகிறது. சொந்தக் காசில் முன்னால் உட்காருபவர்கள் கூடிவிட்டார்கள். அமெரிக்க விமான நிறுவனமான டெல்டாவின் 2024 கணக்கில் சாதாரண வகுப்பு டிக்கெட்டுகள் தந்தது 2,450 கோடி டாலர். கூடுதல் வசதி இருக்கைகள் தந்தது 2,060 கோடி. கொஞ்சம் விட்டால் தொட்டுவிடும். பிசினஸுக்கும் சாதாரணத்துக்கும் நடுவே பிரீமியம் எகானமி என்று ஒரு வகுப்பை எல்லோரும் செருகுவது இதனால்தான். ஓரிரு அங்குலம் அகலமும் இன்னும் கொஞ்சம் கால் நீட்டும் இடமும் கொடுத்துவிட்டு ஒன்றரை, இரண்டு மடங்கு வாங்க முடிகிறது. பிடிக்கும் இடத்துக்குக் கிடைக்கும் காசு என்று பார்த்தால், நிறுவனத்துக்கு மிகவும் பிடித்த வகுப்பு அதுவாகத்தான் இருக்கும்.

ஐம்பது ஊர், ஒரு நடுவீடு

இனி எமிரேட்ஸின் உண்மையான ஆயுதத்துக்கு வருவோம். கணக்கு சின்னது, விளைவு பெரிது.

ஐம்பது ஊர்களை நேரடியாக ஒன்றோடொன்று இணைக்க வேண்டுமென்றால் 1,225 தடங்கள் வேண்டும். அவ்வளவு விமானத்துக்கு யாரிடமும் காசில்லை. அந்தத் தடங்களில் பாதிக்கு நாளொன்றுக்கு ஒரு விமானம் நிரம்பும் கூட்டமும் இல்லை. ஐம்பது ஊர்களிலிருந்தும் நடுவே ஓர் ஊருக்கு விமானம் விட்டால்? தடங்கள் 50 மட்டும். ஆனால் விற்கக்கூடிய பயணங்கள் அந்த 1,225உம், நடு ஊருக்கு வந்துபோகும் 50உம் சேர்த்து 1,275. ஐம்பத்தோராவது ஊரைச் சேர்த்தால் ஒரே ஒரு புதிய தடத்துக்கு 51 புதிய பயணங்கள் விற்பனைக்கு வரும். இப்படி எல்லாத் தடங்களும் கூடும் நிலையத்தைத்தான் *ஹப்* என்கிறார்கள்.

மான்செஸ்டரிலிருந்து துபாய்க்கு வரும் விமானத்தில் துபாய்க்கென்றே வருபவர்கள் ஒரு பகுதிதான். மற்றவர்களில் ஒருவர் சிட்னிக்கு, ஒருவர் நைரோபிக்கு, ஒரு குடும்பம் கொழும்புக்கு. மான்செஸ்டர்-நைரோபி என்று தனி விமானம் விட்டால் ஈ ஓட்ட வேண்டியிருக்கும். ஹப்பில் எல்லோரும் சேர்ந்துகொள்வதால் இரண்டு பக்கமும் பெரிய விமானம் நிரம்புகிறது. விமானங்கள் அலை அலையாக வந்திறங்கி, இரண்டு மூன்று மணி நேரத்தில் அலை அலையாகக் கிளம்பும்படி நேரம் வைப்பார்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு துபாய் நிலையத்தில் பகல்போலக் கூட்டம் இருப்பதன் ரகசியம் இதுதான்.

பிரிட்டனிலிருந்து கென்யாவுக்குப் போகும் ஆளை, இரண்டு நாட்டையும் சேராத நிறுவனம் தன் ஊர் வழியாக ஏற்றிச்செல்வதை இத்தொழிலில் *ஆறாவது சுதந்திரம்* என்பார்கள். 1944 சிகாகோ மாநாட்டில் தொடங்கிய வான் உரிமைப் பேரங்களின் வழியாக வந்த பெயர் அது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், கத்தார் ஏர்வேஸ், டர்கிஷ் ஏர்லைன்ஸ் எல்லாம் இந்த உரிமையை வைத்து வளர்ந்தவைதான். உள்நாட்டு விமானச் சந்தையே இல்லாதது சிங்கப்பூருக்கும் கத்தாருக்கும் குறையாகவே இல்லை.

ஹப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. இறங்கி ஏறுபவர் பொறுமைக்குக் கூலி கேட்பார். நேர் விமானத்தைவிட மலிவாக இருந்தால்தான் வருவார். அதாவது ஹப் இருக்கையை நிரப்பும், ஆனால் யீல்டைக் கொஞ்சம் இழுக்கும். ஊருக்கென்றே வருபவரும் வழியாகப் போகிறவரும் சரியான விகிதத்தில் கலந்தால்தான் கணக்கு நேராகும். துபாய் தன்னையே ஒரு சுற்றுலாத் தலமாக்கிக்கொண்டதை இந்தக் கோணத்திலும் பார்க்கலாம்.

"அவர்களுக்கென்ன, எண்ணெய் ஓசி, பின்னால் அரசாங்கம்" என்ற பேச்சு இங்கே தவறாமல் வரும். எமிரேட்ஸின் செலவில் மிகப் பெரிய தலைப்பே எரிபொருள்தான். மேலே சொன்ன நிதியாண்டில் இயக்கச் செலவில் 31 சதவீதம். ஓசிக்கு அப்படிக் கணக்கு வராது. அரசாங்கம் பின்னால் இருப்பது உண்மை: 2020-21இல் துபாய் அரசு சுமார் 310 கோடி டாலர் மூலதனம் போட்டது. எமிரேட்ஸ், கத்தார், எதிஹாட் என்ற வளைகுடா நிறுவனங்கள் மூன்றும் 4,200 கோடி டாலர் மானியம் பெற்றதாக அமெரிக்க நிறுவனங்கள் 2015இல் புகார் கிளப்பின, வளைகுடாத் தரப்பு மறுத்தது, 2018இல் அரசுகளுக்கிடையே ஏற்பட்ட உடன்பாடுகளோடு அது அடங்கியது. அதே 2020இல் அமெரிக்க அரசும் ஜெர்மானிய அரசும் தங்கள் நிறுவனங்களுக்குப் பெருந்தொகை கொடுத்தன என்பதையும் சேர்த்தே வைத்துப் பார்க்க வேண்டும்.

ஹப்பின் இன்னொரு மதிப்பு, வேறு யாரும் நுழைய முடியாத நெரிசல். ஹீத்ரோ போன்ற நிலையத்தில் இன்ன நேரத்தில் இறங்கி ஏறலாம் என்ற அனுமதியை *ஸ்லாட்* என்பார்கள். 2016இல் ஓமன் ஏர் ஒரே ஒரு ஜோடி ஸ்லாட்டுக்கு 7.5 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தி வந்தது. விமானத்துக்கல்ல, இறங்கிக் கிளம்பும் நேரத்துக்கு.

இதுவரை பார்த்தது இவ்வளவு: கெட்டுப்போகும் சரக்கு, அதை ஆளுக்கொரு விலைக்கு விற்கும் கணினி, காசுள்ளவர்களுக்கு முன்பக்கம், எல்லோரையும் திரட்டிக்கொடுக்கும் ஹப். இனி வருபவை டிக்கெட்டில் தெரியாத வருமானங்கள்.

காலுக்குக் கீழே

அடுத்த முறை ஜன்னலோரம் கிடைத்தால், கிளம்புவதற்கு முன் கீழே பாருங்கள். உங்கள் பெட்டிகள் ஏறி முடிந்த பிறகும் அலுமினியப் பெட்டகங்களும் வலை போர்த்திய தட்டுகளும் ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருக்கும். மருந்து, செல்பேசி, இயந்திர உதிரிபாகம் என்று எதுவும் இருக்கலாம். 777 போன்ற விமானத்தின் வயிறு பயணிகளின் பெட்டிகள் போக இருபது டன் அளவு சரக்கு கொள்ளும். விமானம் எப்படியும் போகிறது. கீழே ஏற்றும் சரக்குக்குக் கூடுதல் செலவு குறைவு.

மேலே சொன்ன நிதியாண்டில் எமிரேட்ஸின் வருமானத்தில் சரக்கின் பங்கு 13 சதவீதம். சாதாரண ஆண்டில் இது துணைக் கறி மாதிரி. 2020இல் இதுவே சோறானது. பயணிகள் இல்லாமல் உலகமே நஷ்டத்தில் கிடந்தபோது, பயணிகள் விமானங்களில் இருக்கைகளைக் கழற்றிவிட்டுச் சரக்கு ஏற்றிய கொரியன் ஏர் அந்த ஆண்டும் இயக்க லாபம் காட்டியது.

மைல் என்ற நாணயம்

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் அட்வான்டேஜ் என்ற திட்டத்தைத் தொடங்கியபோது நோக்கம் எளிமையானது: அடிக்கடி பறப்பவர் வேறு நிறுவனத்துக்குப் போகாமல் பிடித்துவைக்க, பறந்த தூரத்துக்கு மைல் கொடுத்து, மைல் சேர்ந்தால் இலவச டிக்கெட் கொடுப்பது. நாளடைவில் அந்த மைலே விற்பனைச் சரக்கானது.

வாங்குவது வங்கி. கடன் அட்டையில் செலவு செய்தால் மைல் கிடைக்கும் என்று வங்கி விளம்பரம் செய்கிறது. அந்த மைல்களை அது நிறுவனத்திடம் மொத்தமாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். நிறுவனத்துக்குக் காசு இன்றே வந்துவிடுகிறது. நீங்கள் அதை இருக்கையாக மாற்ற இரண்டு மூன்று ஆண்டு ஆகும். மாற்றும்போதும் பெரும்பாலும் காலியாகப் போகவிருந்த இருக்கையைத்தான் காட்டுவார்கள். முதலில் பார்த்த கெட்டுப்போகும் சரக்கு நினைவிருக்கிறதா, அது இங்கே பரிசாக மாறுகிறது. ஒரு பகுதி மைல்கள் யாரும் கேட்காமலே காலாவதியாகும். ஓர் இருக்கைக்கு எத்தனை மைல் என்பதைத் தீர்மானிப்பதும் நிறுவனமே. தானே அச்சடித்து, தானே மதிப்பைக் குறைத்துக்கொள்ளக்கூடிய நாணயம் வேறு எந்தத் தொழிலுக்கு வாய்த்திருக்கிறது?

அதன் மதிப்பு 2020இல்தான் வெளியே தெரிந்தது. கையில் காசில்லாமல் தவித்த அமெரிக்க விமான நிறுவனமான யுனைடெட், தன் மைலேஜ் பிளஸ் திட்டத்தையே அடகுவைத்து 680 கோடி டாலர் திரட்டியது. அப்போது அந்தத் திட்டத்தின் மதிப்பு சுமார் 2,190 கோடி டாலர் என்றார்கள். பங்குச் சந்தையில் யுனைடெட் நிறுவனம் முழுவதற்குமே அன்று அதில் பாதி மதிப்புதான் இருந்தது. விமானங்களோடு சேர்ந்த முழுக் கம்பெனியைவிட அதன் மைல் கடை பெரிது!

டெல்டாவுக்குக் கடன் அட்டை நிறுவனமான அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2024இல் கொடுத்தது 740 கோடி டாலர். அந்த ஆண்டு டெல்டாவின் இயக்க லாபம் 600 கோடி. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து, "பறப்பதில் நஷ்டம், கடன் அட்டையில்தான் லாபம், விமான நிறுவனம் என்பது இறக்கை கட்டிய வங்கி" என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது; கணக்கு இடிக்கிறது. 740 கோடி என்பது வரவு, லாபமல்ல. அந்த மைல்களுக்கு இருக்கை கொடுக்கும் செலவு மறுபக்கம் இருக்கிறது. போகும் ஊர்களும் முன்பக்கப் படுக்கையும் இல்லாத நிறுவனத்தின் மைலை யார் சேர்ப்பார்கள்? மரத்தைவிடப் பழம் விலை போகிறது என்பதற்காக மரம் நஷ்டம் என்று எழுத முடியாது.

இது எல்லா நாட்டிலும் ஒரே அளவில் ஓடும் வண்டியுமல்ல. அமெரிக்காவில் கடன் அட்டைக்கு வியாபாரி கொடுக்கும் கழிவு அதிகம். அந்தக் கழிவிலிருந்துதான் வங்கி மைல் வாங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல், வங்கிகளுக்கிடையே கைமாறும் அந்தக் கழிவைப் பொதுமக்களின் கடன் அட்டைகளுக்கு 0.3 சதவீதத்துக்குள் அடக்கியது. ஐரோப்பிய நிறுவனங்களுக்கு இந்த ஊற்று அதனால் மெலிந்தது.

குறுந்தூரக்காரர்கள் வேறு ஊற்று தோண்டினார்கள். பெட்டிக்குத் தனி, இருக்கை தேர்ந்தெடுக்கத் தனி, முதலில் ஏறத் தனி. ஐரோப்பாவின் மலிவுக் கட்டண நிறுவனமான ரயன்ஏரின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி வருவது. திட்டிக்கொண்டே கட்டுகிறோம். பெரிய சர்வதேச நிறுவனங்களும் இப்போது அதே பாடத்தைக் கொஞ்சம் கண்ணியமான எழுத்துருவில் எழுதுகின்றன.

எரிபொருள் சூதாட்டமும் பக்கத்துத் தொழில்களும்

செலவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை எரிபொருள். அதன் விலை நிறுவனத்தின் கையில் இல்லை. எனவே பலர் *ஹெட்ஜிங்* செய்வார்கள். நாளைக்கு வேண்டிய எரிபொருளின் விலையை இன்றே ஒப்பந்தம் போட்டுக் கட்டிவைப்பது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோது, அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் அந்த ஆண்டுத் தேவையில் 70 சதவீதத்தைப் பீப்பாய்க்கு 51 டாலர் கணக்கில் கட்டிவைத்திருந்தது. மேதைகள் என்று கொண்டாடினார்கள். ஹாங்காங்கின் கேத்தே பசிபிக்கும் அப்படித்தான் கட்டியது, விலை சரிந்தது. 2016இல் ஹெட்ஜிங்கில் மட்டும் 840 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் போனது. அந்த ஆண்டு கம்பெனியே நஷ்டத்தில் முடிந்தது. என்னைக் கேட்டால், ஹெட்ஜிங்கை லாபம் சம்பாதிக்கும் வழியாகச் சொல்வதே தப்பு. அது காப்பீடு. காப்பீட்டில் பணம் பார்த்தவர்களைப் பார்த்துப் பொறாமைப்படக் கூடாது.

டெல்டா 2012இல் பென்சில்வேனியாவில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையையே 15 கோடி டாலருக்கு வாங்கிப்போட்டது. லுஃப்தான்சா வேறு திசையில் போனது. மற்ற நிறுவனங்களின் விமானங்களையும் என்ஜின்களையும் பழுதுபார்க்கும் லுஃப்தான்சா டெக்னிக் என்ற துணை நிறுவனம் 2024இல் 60 கோடி யூரோவுக்கு மேல் இயக்க லாபம் காட்டியது. அதே ஆண்டு லுஃப்தான்சா என்ற பெயரை வாலில் தாங்கிப் பறக்கும் மைய நிறுவனம் இயக்க அளவில் நஷ்டம். போட்டியாளரின் என்ஜினுக்கு எண்ணெய் துடைத்த கை, சொந்த விமானத்தைத் தூக்கிப்பிடித்தது.

இன்னொன்று சத்தமில்லாமல் உதவுவது: முன்பணம். ஆறு மாதம் கழித்துப் பறக்க நீங்கள் இன்றே கட்டும் காசு, அதுவரை நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன். வியாபாரம் வளரும்வரை இந்தக் கடன் தானாகப் புரண்டுகொண்டே இருக்கும். 2020இல் பறப்பது நின்றது. கட்டியவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் திருப்பிக் கேட்டார்கள். பல நிறுவனங்கள் பணத்துக்குப் பதில் வவுச்சர் நீட்டியதன் பின்னணி அதுதான்.

அப்படியும் ஏன் ஒரே வரிசை?

இவ்வளவு வழி இருந்தும் சராசரியாக மிஞ்சுவது ஏன் 7 டாலர்? முதல் பகுதிக்கே திரும்ப வேண்டும். எப்படியும் பறக்கப்போகும் காலி இருக்கைக்குக் கூடுதல் செலவு சில்லறைதான் என்றால், அதை அடிமாட்டு விலைக்கு விற்கும் ஆசை எல்லா நிறுவனத்துக்கும் வரும். ஒருவர் இறக்கினால் மற்றவரும் இறக்கியாக வேண்டும். புதிய தடத்தில் நல்ல காசு என்று தெரிந்தால் ஆறே மாதத்தில் இன்னொருவர் விமானத்தைத் திருப்பிவிடுவார். விமானத்தைப்போல எளிதாக இடம் மாறும் தொழிற்சாலை வேறில்லை. ஆனால் என்ஜின் செய்பவர்கள் உலகில் விரல்விட்டு எண்ணும் அளவு. பெரிய விமானம் செய்பவர்கள் இரண்டே பேர். விமான நிலையம் பெரும்பாலும் ஊருக்கு ஒன்று. நடுவில் மாட்டியிருப்பவர் விமான நிறுவனம்.

தொடக்கத்தில் சொன்ன 15 சதவீதக்காரர்கள் இந்த நெருக்கடியிலிருந்து தப்பியவர்கள்: வேறு யாரும் எளிதில் கட்ட முடியாத ஹப், காசுள்ளவர்கள் போகும் தடங்கள், நிறைய முன்பக்கம். அதுவும் நல்ல காலத்தில். பெருந்தொற்று ஆண்டான 2020-21இல் எமிரேட்ஸுக்கு ஏற்பட்ட நஷ்டம் 550 கோடி டாலர். மேலே நாம் வியந்த அந்த 520 கோடி, அதன் வரலாற்றிலேயே அதுவரை இல்லாத லாபம். அதை அப்படியே எடுத்துக் கொட்டினாலும் அந்த ஓர் ஆண்டின் பள்ளம் நிரம்பாது. இன்னும் 30 கோடி டாலர் துண்டு விழும்.